கண்ணாடியைக் கழற்றிய பின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாட்டியமும் நாடகமும் இருக்க வேண்டும் என்பது மரபு. அவற்றுக்கிடையே ஒரு சொற்பொழிவும் இருக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் பிடிவாதம். மேடைக்குப் பின்னே சலங்கை கட்டிய குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும் அக்குழந்தைகளின் கண்களையும் அவர்தம் அண்ணன்மார், அக்காள்மார் கண்களையும் பற்றிய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருப்பதால், சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கிட்டப்பார்வைக்கு லேசர் ஒளியால் செய்யும் சிகிச்சையைப் பற்றி இன்று நம் வீடுகளில் பேச்சு எழாத நாளில்லை. பிள்ளை கல்லூரி முடித்தவுடன் ஒரு பேச்சு. பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியவுடன் மறுபேச்சு. இச்சிகிச்சை நல்லதா தீயதா என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நாம் மருத்துவரும் அல்லோம். ஆனால் இச்சிகிச்சைக்குப் பின் கண்ணின் திறன்களுள் ஒன்று எவ்வாறு மாறக்கூடும் என்பதை எம் இல்லத்திலேயே கண்டோம். கண்டும் சில மாதங்கள் நம்ப மறுத்தோம். அப்பிழையை மற்றொரு குடும்பம் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

எம் தமக்கையின் மகன் ஐந்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி அணிந்தவன். இருபத்து நான்கு வயதில் அவன் கண்ணாடியின் அளவு மைனஸ் 6. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் லேசர் சிகிச்சை செய்துகொண்டான். மறுநாளே சுவரிலிருந்த நாள்காட்டியைக் கண்ணாடியின்றிப் படித்தான். தமக்கை மகிழ்ச்சியால் கண்ணீர் உகுத்தாள். மருத்துவமனையின் அட்டையில் கடைசி வரிவரை பிழையின்றிப் படித்தான். 6/6 என்று எழுதித் தந்தார்கள். அத்துடன் யாவும் முடிந்தது என்றே எண்ணினோம்.

ஆனி பிறந்தது, பம்பாயின் மழை தொடங்கியது. ஒருநாள் அந்தி வேளையில் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்திலிருந்து இறங்குகையில் கடைசிப் படியைத் தவறவிட்டு விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு வந்தான். "மாமா, எழுத்தெல்லாம் தெரிகிறது. படியின் விளிம்புதான் தெரியவில்லை" என்றான். "கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் படி எப்படித் தெரியும்?" என்று கடிந்துகொண்டோம். அதன்பின் அவன் அதுபற்றிப் பேசவில்லை. இருட்டிய பிறகு வெளியே செல்வதைக் குறைத்தான். இருசக்கர வண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான். மழைக்கு அஞ்சுகிறான் என்று நாம் எண்ணியிருந்தோம். அவன் அஞ்சியது மழைக்கல்ல, தன் கண்ணுக்கு.

கடைசி வரியைப் படிக்கும் கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரியாமற் போவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண, கண்ணைச் சோதிக்கும் முறையைச் சற்று ஆராய வேண்டும்.

கண் மருத்துவர் அறையில் தொங்கும் எழுத்து அட்டையை அமைத்தவர் ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். ஆண்டு 1862. இயல்பான கண் 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வல்ல எழுத்தை நாமும் 6 மீட்டரிலிருந்து படித்தால் அது 6/6. எழுத்து எவ்வளவு சிறிதாயினும் அடையாளம் காண முடிகிறதா என்பதை மட்டுமே இந்த அட்டை கேட்கிறது. அதில் எழுத்துகள் கன்னங்கரியவை. பின்புலம் தூய வெண்மை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டினும் பெரிய வேறுபாடு வேறில்லை.

ஆனால் நாம் வாழும் உலகம் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் அச்சிடப்பட்டதன்று. அந்தி நேரத்துச் சிமெண்டுப் படியும் சாம்பல் நிறம். அதற்கு அடுத்த படியும் சாம்பல் நிறம். தாராவியில் தோற்பை தைக்கும் தொழிலாளி கறுப்புத் தோலின்மேல் கறுப்பு நூலைச் செலுத்துகிறார். நம் இல்லத்தரசி வெள்ளை அரிசியில் வெள்ளைக் கல்லைத் தேடுகிறார். மழை இரவில் கறுப்புக் குடை பிடித்துச் சாலையைக் கடக்கும் முதியவரை, கறுத்து நனைந்த தார்ச்சாலையின் பின்னணியில் வண்டியோட்டி கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. இவை யாவும் நுண்ணிய எழுத்தைப் படிக்கும் வேலைகள் அல்ல. பொருள் பெரிதுதான், அதற்கும் அதன் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடுதான் சிறிது. அச்சிறு வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் ஆற்றலையே மருத்துவர்கள் 'கான்ட்ராஸ்ட் சென்ஸிட்டிவிட்டி' என்கிறார்கள். நாம் அதனை ஒளிவேறுபாடு உணரும் திறன் என்று அழைப்போம்.

சங்கீதம் கேட்டுப் பழகிய மாதுங்கா அன்பர்களுக்கு ஓர் உவமை சொல்வோம். பாடகர் மேல்ஸ்தாயியில் எட்டும் உச்ச சுரம் காதில் விழுகிறதா என்று சோதிப்பது ஒரு முறை. மிக மெல்ல மீட்டப்படும் தம்புராவின் ரீங்காரம் காதில் விழுகிறதா என்று சோதிப்பது மற்றொரு முறை. முன்னதில் தேறிய செவி பின்னதில் தேறும் என்பதற்கு உறுதியில்லை. கண்ணும் அப்படியே.

1968-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பெர்கஸ் காம்ப்பெல், ஜான் ராப்சன் என்னும் இருவர், வெளிறிய கோடுகளை மக்களுக்குக் காட்டி, எந்தப் பருமனுள்ள கோடு எவ்வளவு வெளிறினும் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து வெளியிட்டனர். மிக நுண்ணிய கோடுகளையும் மிக அகன்ற பட்டைகளையும்விட இடைப்பட்ட பருமனுள்ள கோடுகளையே கண் நன்கு உணர்கிறது என்பதை அத்தகைய சோதனைகள் காட்டின. அதே ராப்சன், டெனிஸ் பெல்லி என்பவருடன் சேர்ந்து 1988-ல் ஓர் அட்டையை அறிமுகப்படுத்தினார். பெல்லி–ராப்சன் அட்டை என்பது அதன் பெயர். அதில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு; ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் தாராளமாய்ப் பெரியவை. மும்மூன்று எழுத்துகளாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொரு கோவையும் முந்தையதைவிட வெளிறிக்கொண்டே போகும்; அதாவது நூற்றில் ஏறத்தாழ எழுபது பங்காகக் குறையும். கடைசிக் கோவைகள் வெள்ளைத் தாளில் மோரால் எழுதினாற்போல் இருக்கும். எந்தக் கோவை வரை படிக்கிறோமோ அதற்கு ஓர் எண். 2.00 என்ற எண் பெற்றவர் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாட்டையும் கண்டுகொள்கிறார் என்று பொருள்.

ஆவணி மாதத்தில் எம் மருமகனை வேறொரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவர் இந்த அட்டையைத்தான் காட்டினார். 1.80 அளவுக்குப் படிக்க வேண்டிய வயதில் அவன் 1.50-க்கு மேல் படிக்கவில்லை. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதாய்த் தோன்றலாம். கணக்கின்படி, மற்றவர் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாட்டைப்போல் இரு மடங்கு வேறுபாடு இருந்தால்தான் அவன் கண்ணுக்குப் புலப்படும் என்பது அதன் பொருள். அறையின் விளக்கைத் தணித்தபோது அவன் இன்னும் தடுமாறினான். "தம்பி சொன்னது உண்மை. படி தெரிந்திராது" என்றார் மருத்துவர். நாம் தலை குனிந்தோம். சில மாதங்களாக அவன் சொன்னதை மனப்பிரமை என்று ஒதுக்கியவர்கள் நாம் அல்லவா?

இனி, இது ஏன் நேர்கிறது என்பதைப் பார்ப்போம். அதற்கு முன், நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று. இச்சிகிச்சைக்கு அடிப்படையான கண்டுபிடிப்பில் சென்னையில் 1929-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் என்னும் வேதியியலறிஞருக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் பணியாற்றி வந்தார். 1981 நவம்பரில், அந்நாட்டாரின் நன்றி நவிலும் திருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர் என்னும் புறஊதாக் கதிரை அதன்மேல் செலுத்திப் பார்த்தார். கருகல் இல்லை; கத்தியினும் நேர்த்தியான வெட்டு இருந்தது. அக்கதிர் சுட்டுப் பொசுக்குவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து, அருகிலுள்ள தசையைச் சுடாமல் மேற்பரப்பை மட்டும் நீக்குகிறது. ஒரு துடிப்புக்கு நீங்குவது ஒரு மைக்ரானில் ஏறத்தாழக் கால் பங்கு. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவருடன் உழைத்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் அவருக்குமாக அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013-ல் வழங்கப்பெற்றது. விருந்தின் மிச்சத்திலிருந்து உலகுக்கு ஒரு விருந்து படைத்தவர்கள் என்றால் மிகையாகாது.

1983-ல் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் அக்கதிரைக் கண்ணுக்குப் பயன்படுத்தும் வழியை எழுதினார். 1988-ல் மார்கரீட் மெக்டொனால்டு என்னும் அம்மையார் அமெரிக்காவில் பார்வையுள்ள கண்ணில் அச்சிகிச்சையைச் செய்தார். 1990-ஐ ஒட்டி, கிரீஸ் நாட்டு இயோனிஸ் பாலிகாரிஸ், மேற்படலத்தை மெல்லிய மடலாகத் திறந்து, உள்ளே லேசரைச் செலுத்தி, மடலை மீண்டும் மூடும் முறையை உருவாக்கினார். அதுவே 'லேசிக்' என்று பெயர் பெற்றது. மடல் திறவாமல், சிறு துளை வழியே மெல்லிய வில்லை வடிவத் துணுக்கை எடுத்துவிடும் 'ஸ்மைல்' என்னும் முறையும் இப்போது வழக்கில் உள்ளது.

கிட்டப்பார்வையுள்ள கண் பெரும்பாலும் சற்று நீண்ட கண். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு எட்டுமுன்னரே குவிந்துவிடுகிறது. கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் விளங்கும் 'கார்னியா' என்னும் தெளிந்த படலத்தின் நடுவைச் சற்றே தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னே தள்ளிப்போகும். இதுவே சிகிச்சையின் தத்துவம். 6 மில்லிமீட்டர் அகல வட்டத்தில், பார்வைக் குறையின் ஒவ்வொரு டயாப்டருக்கும் ஏறத்தாழ 12 மைக்ரான் ஆழம் நீக்க வேண்டும் என்பது கணக்கு. எம் மருமகனின் மைனஸ் 6-க்கு 72 மைக்ரான். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அப்படலத்தின் மொத்தப் பருமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்.

இயற்கை அப்படலத்தை நடுவில் சற்று மேடாகவும் ஓரம் செல்லச் செல்லத் தாழ்வாகவும் வளைத்திருக்கிறது. ஓரத்தின் வழியே வரும் கதிரும் நடுவழியே வரும் கதிரும் ஓரிடத்தில் கூடுவதற்கு அவ்வளைவு துணை செய்கிறது. சிகிச்சை நடுவைத் தட்டையாக்குவதால் அந்த ஒழுங்கு மாறுகிறது. பகலில் இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. ஏனெனில் வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்கி, சீர்செய்த நடுப்பகுதி வழியாகவே ஒளியை விடுகிறது. இருட்டியதும் பாவை விரிகிறது. அப்போது ஓரத்துக் கதிர்களும் உள்ளே புகுந்து, சேர வேண்டிய இடத்தில் சேராமல் சிதறுகின்றன.

அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்த நாள்களை நம்மிற் பலர் மறந்திருக்க முடியாது. படம் ஓடும்போது பக்கக் கதவை யாரேனும் திறந்துவிட்டால் என்ன நேரும்? படம் கலங்குவதில்லை, உருவங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் புகுந்த வெளிச்சம் திரை முழுவதும் பரவ, கறுப்பு சாம்பலாகி, நாயகியின் கரிய கூந்தலும் பின்னாலிருக்கும் இருளும் ஒன்றாகிவிடுகின்றன. சிதறிய ஒளி விழித்திரையில் செய்வதும் அதுவே. விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதற்கும் இதுவே காரணம். நீக்கிய ஆழம் மிகுந்தால் இவ்விளைவும் மிகும். ஆகவே கிட்டப்பார்வை மிகுந்தோர்க்கே இதில் கவனம் மிகுதியாக வேண்டும்.

இரண்டாவது காரணம் கண்ணீர். கண்ணீர் துயரத்துக்கு மட்டும் உரியதன்று. கண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவி அதை வழவழப்பாக வைத்திருப்பதும் அதுவே. சிகிச்சையின்போது கார்னியாவின் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. அவை மீண்டும் வளர மாதங்கள் ஆகின்றன. அதுவரை கண்ணீர் குறைந்து கண் உலரலாம். குளிரூட்டிய அறையில் கணினித் திரையை இமைக்காமல் பார்ப்போர்க்கு இத்தொல்லை கூடும். உலர்ந்த கண்ணின் மேற்பரப்பு புழுதி படிந்த சன்னல் கண்ணாடிக்கு ஒப்பாகும்.

மூன்றாவது காரணம், ஆறும் முறை. மடல் திறவாமல் மேற்பரப்பிலேயே செய்யும் பழைய முறையில் சிலருக்கு ஆறும்போது மெல்லிய மங்கல் படர்வதுண்டு. நான்காவது, சிறிதளவு பார்வைக் குறை எஞ்சி நிற்பது. அதற்குக் கண்ணாடியோ மறுசிகிச்சையோ போதும்.

இவற்றைக் கேட்டு யாரும் அச்சங்கொள்ள வேண்டா. ஒளிவேறுபாடு உணரும் திறன் முதற் சில வாரங்களில் குறைவதும், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலோர்க்கு மீள்வதுமே பொதுவான போக்கு. சிலருக்கு மங்கிய ஒளியில் மட்டும் ஓரளவு குறை தங்கிவிடுகிறது. ஒவ்வொரு கண்ணின் வடிவப் பிழைகளையும் அளந்து அதற்கேற்பச் செதுக்கும் புதிய முறைகள் இக்குறையை வெகுவாகத் தணித்துள்ளன. கனத்த கண்ணாடி உருவங்களைச் சிறிதாக்கிக் காட்டுவது. அது நீங்கியதால் முன்னிலும் நன்றாகக் காண்போரும் உண்டு.

அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் பிற அமைப்புகளும் இணைந்து கடற்படையினர் 262 பேரிடமும் பொதுமக்கள் 312 பேரிடமும் நடத்திய இரண்டு ஆய்வுகளின் முடிவு 2017-ல் வெளிவந்தது. சிகிச்சைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம் முதலிய எக்குறையும் இல்லாதிருந்தவர்களுள், மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதேனும் ஒன்றைக் கண்டதாகக் கூறியோர் முதல் ஆய்வில் நூற்றுக்கு 43 பேர். இரண்டாவதில் 46 பேர். ஆயினும் தம் பார்வையில் மனநிறைவில்லை என்றோர் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரையே. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். முன்னதை மட்டும் சொல்பவர் அச்சுறுத்துகிறார். பின்னதை மட்டும் சொல்பவர் விற்கிறார்.

எம் மருமகனுக்குக் கண்ணீர் போன்ற சொட்டு மருந்தும், திரையைப் பார்க்கையில் இடையிடையே கண்ணை மூடித் திறக்கும் பழக்கமும், மற்றும் காலமும் மருந்தாயின. பொங்கலுக்குள் படிகள் தெரிந்தன. மழை இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி இன்றும் அவனுக்கு ஒரு வளையம் தெரிகிறது. "சிகிச்சை செய்துகொண்டதற்கு வருந்துகிறாயா?" என்று கேட்டோம். "அதற்கு வருந்தவில்லை மாமா. முன்பே யாரும் சொல்லவில்லையே என்றுதான் வருந்தினேன். சொன்ன பிறகும் யாரும் நம்பவில்லையே என்று இன்னும் வருந்தினேன்" என்றான். அவ்விடை எம் நெஞ்சில் தைத்தது. அதுவே எம்மை இம்மேடைக்குக் கொண்டுவந்தது.

ஆதலால், சிகிச்சையை நாடும் குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்வோம். வயது பதினெட்டு நிறைந்ததா? கண்ணாடியின் அளவு ஓராண்டாவது மாறாமல் நிலைத்திருக்கிறதா? கார்னியாவின் பருமன் போதுமா? அது கூம்புபோல் பிதுங்கும் நோயின் சாயல் ஏதும் இல்லையென்று படமெடுத்து உறுதி செய்தார்களா? மங்கிய ஒளியில் பாவை எவ்வளவு விரிகிறது? கண் உலர்வு ஏற்கெனவே உண்டா? இவற்றுடன், வெளிறிய எழுத்து அட்டையை முன்பே ஒருமுறை படிக்கச் செய்து எண்ணைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முன்பு எவ்வளவு என்று தெரிந்தால்தானே பின்பு குறைந்ததா இல்லையா என்று கூற முடியும்?

அவ்வேடுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். பல்லாண்டுகளுக்குப் பின் கண்புரை அறுவை செய்ய நேர்ந்தால், உள்ளே வைக்கும் வில்லையின் அளவைக் கணக்கிட அவை உதவும். நாற்பதைக் கடந்தவர்கள் மற்றொன்றை நினைக்க வேண்டும். கிட்டப்பார்வையுள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பஞ்சாங்கம் படிப்பார்; சிகிச்சைக்குப் பின் படிப்பதற்கென்று கண்ணாடி வாங்க வேண்டி வரும். மேலும், லேசர் கண்ணின் முகப்பையே மாற்றுகிறது. நீண்ட கண் நீண்ட கண்ணாகவே இருக்கிறது. விழித்திரை பிரியும் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைவிட மிகுதி. திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளியோ, மிதக்கும் புள்ளிகளின் கூட்டமோ தோன்றினால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

வேலை தேடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நகரத்துத் தமிழரில் ரயில்வேயால் வாழ்ந்த குடும்பங்கள் பல. உதவி லோகோ பைலட் பணிக்கான ரயில்வே அறிவிப்புகளில், லேசிக் முதலிய அறுவையால் பார்வையைத் திருத்திக்கொண்டோர் தகுதியற்றோர் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். வேலைக்குக் கண்ணாடி தடையாக இருக்கும் என்று எண்ணிச் சிகிச்சை செய்துகொண்டு, அச்சிகிச்சையே தடையாய் முடியும் அவலம் நேரக்கூடாது. எப்பணியாயினும் முதலில் அறிவிப்பைப் படியுங்கள். பிறகு கண்ணைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

இறுதியாகத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மருமகனின் தங்கை எக்ஸ்ரே படம் எடுக்கும் தொழிலைப் பயில்கிறாள். அவளுக்கும் கிட்டப்பார்வை. வரன் பார்க்கத் தொடங்கியிருப்பதால், தை மாதத்துக்குள் சிகிச்சையை முடித்துவிட வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் தமக்கை துடித்தாள். பெண் பார்க்க வருபவர் முன் கண்ணாடியோடு நிற்கலாகாதாம்! இம்முறை நாம் அவசரப்படவில்லை. முதலில் அந்தப் பெண்ணையே கேட்டோம். அவள் சொன்னாள்: "எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிவு ஒரு மங்கலான கோடாகத்தான் தெரியும் மாமா. அந்தக் கோட்டைப் பார்க்கும் கண்தான் எனக்குச் சோறு போடப் போகிறது. சென்ற ஆண்டில் என் கண்ணாடியின் அளவு அரை எண் ஏறியிருக்கிறது. அது நிலைக்கட்டும். பிறகு எனக்கு வேண்டுமென்று தோன்றினால் செய்துகொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்காக வேண்டாம்." அதற்குமேல் பேச யாருக்கும் வாய் எழவில்லை. தமக்கையும் சம்மதித்துவிட்டாள்.

கண்ணாடி அணிந்த பெண்ணைக் குறைவாக எண்ணும் பார்வைக்குத்தான் முதலில் சிகிச்சை வேண்டும். அதற்கு லேசர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நாமே மருத்துவர்களாக வேண்டும்.

சங்கத்தாரிடம் இரண்டு விண்ணப்பங்கள். சங்கம் கண் பரிசோதனை முகாம் நடத்தும்போது வழக்கமான அட்டையோடு வெளிறிய எழுத்து அட்டையும் ஒன்று வைக்க ஏற்பாடு செய்யுங்கள். லேசர் செய்துகொண்ட இளைஞருக்கு மட்டுமன்றி, கண்புரை தொடங்கிய முதியோர்க்கும், "எழுத்துத் தெரிகிறது, மாலையானால் தடுமாறுகிறேன்" என்று சொல்லி யாரும் செவிசாய்க்காத பாட்டிமார்க்கும் அது பயன்படும். மற்றொன்று, நம் கட்டடங்களிலும் சால்களிலும் மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு விரற்கிடை அகலத்துக்கு மஞ்சள் சாயம் பூசுவோம். எரியாத படிக்கட்டு விளக்கை மாற்றுவோம். ஒரு டப்பா சாயமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். எம் கட்டடத்தில் சென்ற மாதம் பூசினோம். தூரிகையைப் பிடித்தவன் அந்த மருமகன்தான்.

நம் பிள்ளைகள் "தெரியவில்லை" என்று சொன்னால், எது தெரியவில்லை என்று அமர்ந்து கேட்போமாக. 

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!